பி.டி. டீச்சருக்கு வயித்துவலி

கொய்யா வேண்டாங்க. நல்ல பழந்தான், பாத்தாலே தெரியுது. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுல விக்கிறது எப்பவும் நல்லாத்தான் இருக்கும். எனக்கு ஆகாது, அவ்வளவுதான். சர்க்கரையா? சர்க்கரையெல்லாம் இல்லங்க. எனக்குக் குடல் ஒட்டியிருக்கு.

ஐயோ, தொத்து வியாதி இல்லங்க. நீங்க எதுக்கு ஜன்னல் பக்கம் நகர்றீங்க? நல்லா உட்காருங்க. மதுரை போய்ச் சேர ரெண்டு மணி நேரம் ஆகும், அதுவரைக்கும் ஒடுங்கியா வருவீங்க?

என் பேரு சண்முகக்கனி. ராஜபாளையத்துல பொண்ணுங்க ஸ்கூல்ல பி.டி. டீச்சர். இருபத்தி நாலு வருஷ சர்வீஸ். என்னைப் பாத்தா அப்படித் தெரியலையா? எல்லாரும் அதான் சொல்றாங்க. முன்னாடி தெரியும். முன்னாடி நான் நடந்து வந்தாலே கிரவுண்டுல புழுதி அடங்கிரும். இப்ப எட்டு கிலோ குறைஞ்சு போச்சு.

ஆறு வருஷத்துக்கு முன்னாடி கர்ப்பப்பையில கட்டின்னு சொல்லி எடுத்தாங்க. எடுத்ததுல ஒரு குறையும் சொல்ல மாட்டேன், சுத்தமா எடுத்தாங்க. மூணாவது மாசம் விசிலும் கையுமா கிரவுண்டுல நிக்கிறேன். எட்டாவது மாசம் ஆரம்பிச்சது வலி. இங்க, தொப்புளுக்குக் கீழ, வலது பக்கம். உள்ள யாரோ உட்கார்ந்து ஈரத் துணியைப் பிழியிற மாதிரி. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழிச்சு வரும். சில நாள் அரை மணியில போயிரும். சில நாள் சாயங்காலம் பெல் அடிக்கிற வரைக்கும் பிழிஞ்சுக்கிட்டே இருக்கும்.

டாக்டர்கிட்டப் போனேன். ஸ்கேன் எடுத்தாங்க. நார்மல். இன்னொரு டாக்டர், இன்னொரு ஸ்கேன், அதுவும் நார்மல். வாய் வழியா டியூப் விட்டுப் பாத்தாங்க, ரொம்ப நார்மல். என் வயித்தைப் போல ஒரு நார்மலான வயிறு இந்த ஜில்லாவுலயே கிடையாது. ஒருத்தர் கேஸ்னு சொன்னார். ஒருத்தர் ரிப்போர்ட்டை எல்லாம் அடுக்கி வச்சுட்டு, “வீட்ல எதுவும் கவலையா அம்மா?”ன்னு கேட்டார். “ஆமா சார், ஒரே ஒரு கவலை, வயிறு வலிக்குது”ன்னேன். அவருக்குப் பிடிக்கல. தூக்க மாத்திரை எழுதிக் குடுத்துட்டார்.

எங்க வீட்டுக்காரர் கரண்ட் ஆபீஸ்ல இருந்து ரிட்டயர் ஆனவர். அவர் பேசுறது ஒரு நாளைக்கு மொத்தம் ஒரு இருபது வார்த்தை இருக்கும். அந்த இருபதுல ஒண்ணு, “வாயுவா இருக்கும்.” இந்த ஒரு வார்த்தையை நான் இன்னும் மன்னிக்கல. நான் வலியில சுருண்டு கிடக்கேன், மனுஷன் பூண்டை நெருப்புல சுட்டு எடுத்துக்கிட்டு வந்து வாயுங்கிறார். அஞ்சு வருஷம் பூண்டு தின்னேங்க. பக்கத்துல வந்தா கொசு கூடத் திரும்பிப் போயிரும்.

ஸ்கூல்ல மட்டும் ஒருத்தருக்கும் தெரிய விடல. அது எப்படின்னு கேளுங்க. வலி வந்தா நிமிந்து நிக்க முடியாது, குனியணும். பி.டி. டீச்சர் குனிஞ்சு நின்னா நல்லாவா இருக்கும்? அதனால ஷூ லேஸ். வலி வந்ததும் டக்குனு உட்கார்ந்து லேஸை அவிழ்த்துக் கட்டுவேன். மெதுவா கட்டுவேன். இந்தக் காலை முடிச்சு அந்தக் கால். ஒரு நாளைக்குப் பத்துப் பதினஞ்சு தடவை. பிள்ளைங்க என்ன நினைச்சுதுன்னா, டீச்சருக்கு ஒழுக்கம்னா உயிர், லேஸ் கொஞ்சம் தளர்ந்தாலும் பொறுக்காதுன்னு. ஒரு பிள்ளை அதைக் கட்டுரையிலயே எழுதியிருக்கா. தமிழ் டீச்சர் காட்டினாங்க.

அப்படி நான் அஞ்சு வருஷம் வலியை முகத்துல காட்டாம நின்னவ. இந்தப் பிள்ளைங்க இருக்கே, அதுங்களுக்குப் பி.டி. பீரியடு வந்தா போதும், வயித்துவலி. கணக்குப் பீரியட்ல வராது, சத்துணவு மணியடிச்சா வராது. சரியா என் பீரியட்ல, வெயில் ஏறினதும் வரும். வந்து இப்படி வயித்துல கைய வச்சுக்கிட்டு நிக்கும். “டீச்சர், வயித்த வலிக்குது.” நான் ஒரே பதில்தான் சொல்வேன். “ரெண்டு ரவுண்டு ஓடு, சரியாப் போயிரும்.” இருபத்தி நாலு வருஷமா இதே மருந்துதான். நிஜ வலின்னா முகத்தைப் பாத்தாலே எனக்குத் தெரிஞ்சிரும்ங்க. என்னை யாரும் ஏமாத்த முடியாது.

சரி, விஷயத்துக்கு வர்றேன்.

இந்த வருஷம் பொங்கல் முடிஞ்சு எங்க ஸ்கூல்ல ஸ்போர்ட்ஸ் டே. நான்தான் எல்லாம். சுண்ணாம்புக் கோடு போடுறதுல இருந்து சிறப்பு விருந்தினருக்குத் துண்டு வாங்குறது வரைக்கும். அன்னைக்கு யாரோ ஒரு பிள்ளையோட வீட்ல இருந்து பனங்கிழங்கு அவிச்சுக் குடுத்து விட்டிருந்தாங்க. மஞ்சள் போட்டு, உப்புப் போட்டு. எனக்குப் பனங்கிழங்குன்னா கண்ணு தெரியாது. ஒண்ணு தின்னேன். நல்லா இருந்துச்சு, இன்னொண்ணு. மூணாவது, எதுக்கு வீணாப் போகணும்னு தின்னது. நாரை மட்டும் துப்பினேன். துப்பினேன்னுதான் நினைச்சேன்.

நூறு மீட்டர் முடிஞ்சு, குண்டு எறியிறது முடிஞ்சு, ரிலேக்கு விசிலை வாயில வச்சேன் பாருங்க. பிடிச்சுக்கிச்சு. இது பழைய வலி இல்ல. பழைய வலி இதுக்குத் தங்கச்சிகூட ஆகாது. லேஸ் கட்ட உட்கார்ந்தேன், எந்திரிக்க முடியல. பிள்ளைங்க எல்லாம் கோட்டுல கால வச்சுக் காத்துக்கிட்டு நிக்கிது, நான் ஷூவையே பாத்துக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். வாயில விசில். மூச்சு விட்டா அது கீச்சு கீச்சுங்குது. பாதிப் பிள்ளைங்க விசில் அடிச்சாச்சுன்னு ஓட ஆரம்பிச்சிருச்சு.

அப்புறம் வாந்தி. பச்சையா. வயிறு பந்து மாதிரி ஊதிப் போச்சு, தட்டினா சத்தம் கேக்குது. எங்க ஹெச்.எம். அன்னபாக்கியம் மேடம் மைக்கை விட்டுட்டு ஓடி வந்து ஆட்டோவுல ஏத்தி விட்டாங்க. ஏத்தும்போது அவங்க கேட்ட கேள்வி, “டீச்சர், பரிசு லிஸ்ட் எங்க வச்சிருக்கீங்க?” நல்ல மனுஷிதான். கொஞ்சம் வேலை மேல கண்ணு.

ஆஸ்பத்திரியில ஒரு சின்ன வயசு சர்ஜன். மீசைகூடச் சரியா முளைக்கல. வயித்துல ஸ்டெத் வச்சுக் கேட்டார், எக்ஸ்ரே எடுத்தார், என்ன சாப்பிட்டீங்கன்னார். பனங்கிழங்குன்னேன். எத்தனைன்னார். ஒண்ணுன்னேன். எங்க வீட்டுக்காரர் பின்னாடி நின்னுக்கிட்டு மூணு விரலைக் காட்டியிருக்கார். அது அவருக்கு எப்படித் தெரியும்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியல.

அப்பத்தான் அந்தச் சர்ஜன் சொன்னார். “அம்மா, பழைய ஆப்பரேஷன் பண்ணின இடம் உள்ள ஆறும்போது பசை மாதிரி ஒண்ணு சுரந்து, நார் நாராப் படர்ந்துரும். குடலும் குடலும் ஒட்டிக்கும். குடல் போற வழி வளைஞ்சு இறுகிப் போயிரும். அதான் இத்தனை வருஷமா உங்களுக்கு வலி. இப்ப அந்த வளைவுல கிழங்கு நார் போய் அடைச்சிருக்கு.”

“ஸ்கேன்ல ஏன் சார் தெரியல?”

“ஒட்டல் ஸ்கேன்ல அவ்வளவு சுலபமாத் தெரியாதும்மா. வலி இருக்குன்னு நீங்க சொல்றதை வச்சுத்தான் நாங்க புரிஞ்சுக்கணும்.”

எனக்கு அப்ப வந்த சந்தோஷம் இருக்கே. அந்த வலியிலயும் சொல்றேன், எனக்கு வேலை கிடைச்ச அன்னைக்குக்கூட அப்படி ஒரு சந்தோஷம் இல்ல. “சார், இதை ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க”ன்னேன். எதுக்குன்னார். “நாலு பேருக்குக் காட்டணும் சார்.” அவர் சிரிச்சுக்கிட்டே எழுதிக் குடுத்தார். அதை அப்புறம் நான் லேமினேஷன் பண்ணி வச்சுட்டேன். கல்யாண வீட்டுக்குப் போனாலும் கைப்பையில இருக்கும். யாராவது “என்ன டீச்சர், இலையில ஒண்ணுமே வைக்க விடல”ன்னா, எடுத்து நீட்டிருவேன். எங்க வீட்டுக்காரர்கிட்ட முதல்ல நீட்டினேன். படிச்சார். திருப்பிக் குடுத்தார். ஒரு சாரியாவது சொல்லணும்ல? டிஸ்சார்ஜ் ஆகிப் போனதும் வீட்ல இருந்த பூண்டை எல்லாம் தூக்கிப் போட்டுட்டார், அவ்வளவுதான்.

இதுல சிக்கல் என்னன்னா, அறுத்து ஒட்டலை எடுத்து விடுங்கன்னு நான் சொல்றேன், சர்ஜன் மாட்டேங்கிறார். அறுத்தா அந்தக் காயம் ஆறும்போது மறுபடி ஒட்டுமாம். ஒவ்வொரு தடவை திறக்கிறதும் அடுத்த ஒட்டலுக்கு வழி விடுறதாம். அதனால மூக்குல டியூப் விட்டு, வாய்ல பச்சைத் தண்ணி இல்லாம, டிரிப்ஸ்ல ரெண்டு நாள் பாப்போம். தானா வழி விட்டுருச்சுன்னா தப்பிச்சோம். விடலைன்னா வெள்ளிக்கிழமை காலையில அறுத்துத்தான் ஆகணும்.

“வழி விட்டுருச்சுன்னு எப்படி சார் தெரியும்?”

“காத்து பிரியணும்மா.”

புரிஞ்சுதா உங்களுக்கு? எனக்கும் முதல்ல புரியல. அப்புறம் புரிஞ்சது. அந்த ரெண்டு நாள்ல என் உயிரு எதுல இருந்துச்சுன்னு வெளிய சொல்ல முடியுமா நீங்களே சொல்லுங்க. இருபத்தி நாலு வருஷம் அசெம்பிளியில நிமிந்து நின்ன உடம்பு இது.

அந்த வார்டுக்கு நர்ஸ் யாருன்னா பேச்சியம்மாள். என் ஸ்டூடண்ட். பத்தாம் வகுப்பு பி செக்‌ஷன், இப்ப முப்பத்தி நாலு வயசு. எனக்கு உடனே ஞாபகம் வந்துருச்சு. மாசம் தவறாம வயித்துல கைய வச்சுக்கிட்டு வந்து நிக்கிறவ. நானும் மாசம் தவறாம ஓட விடுவேன். ஒரு தடவை ரெண்டாவது ரவுண்டுல கிரவுண்டுலயே வாந்தி எடுத்துட்டா. காலையில வயிறு முட்டச் சாப்பிட்டுட்டு வராதேன்னு திட்டினேன். அதெல்லாம் அவளுக்கு ஞாபகம் இருக்காதுன்னுதான் நினைச்சேன்.

வந்தா, நாடி பாத்தா, என் தலைமாட்டு அட்டையைப் பாத்தா. “டீச்சர், நல்லா இருக்கீங்களா”ன்னு கேட்டுட்டு, டிரிப்ஸ் கம்பியை என் கையில குடுத்து, “எந்திரிங்க. வார்டைச் சுத்தி ரெண்டு ரவுண்டு நடங்க, சரியாப் போயிரும்”ங்கிறா.

பாத்தீங்களா. பழி வாங்குறாங்க. நடந்தாத்தான் குடல் அசையும்னு சர்ஜனும் சொன்னார்தான், நான் இல்லைன்னு சொல்லல. ஆனா ரெண்டு ரவுண்டுன்னு ஏன் சொல்லணும்? மூணுன்னு சொல்லலாம்ல? மூக்குல டியூப், கையில கம்பி, ஆஸ்பத்திரி அங்கி, பின்னாடி நாடா கட்டினது. பதினாலு கட்டில் இருக்கிற வார்டு. நான் சுத்தி வர்றேன், அவ, “கையை வீசி நடங்க டீச்சர்”ங்கிறா. என் கூடவே ஒரு அடி தள்ளி அவளும் நடந்து வருவா. நான் விழுந்தா பிடிக்கிறதுக்காம். நான் எதுக்கு விழப் போறேன்? ஒரே ஒரு தடவைதான் விழப் பாத்தேன், அப்பப் பிடிச்சா.

அதை விடுங்க. நாலு மணி நேரத்துக்கு ஒருக்க வார்டு வாசல்ல இருந்தே சத்தமாக் கேப்பா. “டீச்சர், காத்து பிரிஞ்சுதா?”

எல்லாக் கட்டிலும் திரும்பிப் பாக்கும். நான் தலைய ஆட்டுவேன். “இன்னும் இல்லையா? சரி, முயற்சி பண்ணுங்க.” முதல் நாள் சாயங்காலத்துக்குள்ள வார்டுக்கே என் விஷயம் தெரிஞ்சு போச்சு. பக்கத்துக் கட்டில்ல பித்தப்பைக் கல் எடுத்த ஒரு அக்கா, சேத்தூர்க்காரங்க, எனக்காக அவங்க குலசாமிக்கு வேண்டிக்கிட்டாங்க. எனக்கு அந்தச் சாமியை நினைச்சுத்தான் பாவமா இருந்துச்சு. எதிர்க் கட்டில்ல இருந்து ஒருத்தங்க, “ஓமம் மோந்து பாத்தாக்கூடப் பிரியும்”னாங்க. பாக்க வர்றவங்க எல்லாம் ஆப்பிளை வச்சுட்டுக் கேக்குற முதல் கேள்வி அதான். எங்க வீட்டுக்காரர் ரெண்டு நாளும் ஸ்டூலை விட்டு எந்திரிக்கல. பேப்பரைப் பிரிச்சு வச்சுக்கிட்டு இருப்பார், ஆனா படிக்க மாட்டார். காதை மட்டும் என் பக்கம் வச்சிருந்தார். அப்பப்ப குனிஞ்சு ரகசியமா, “இப்பவா?”ம்பார். “கட்டில் கிரீச்சிட்டது”ம்பேன்.

அப்படி வியாழக்கிழமை சாயங்காலம் ஆயிருச்சு. விடிஞ்சா ஆப்பரேஷன். கையெழுத்துப் போட பேப்பரெல்லாம் கொண்டு வந்து வச்சுட்டாங்க. வெளியில காட்டிக்கல, ஆனா எனக்கு உள்ளுக்குள்ள பயம். திரும்ப அறுத்தா திரும்ப ஒட்டும், திரும்ப ஒட்டினா திரும்ப அறுப்பாங்க. இதுக்கு எங்கதான் முடிவு? பேச்சியும் அன்னைக்குச் சத்தம் போடல. டூட்டி முடிஞ்சும் வீட்டுக்குப் போகாம என்னை நடக்க வச்சுக்கிட்டே இருந்தா. “டீச்சர், இன்னும் ஒரு சுத்து. இன்னும் ஒண்ணே ஒண்ணு.” அவ முகத்தைப் பாத்தா எனக்கே பாவமா இருந்துச்சு. பழி வாங்கினது போதும்னு தோணியிருக்கும்.

அஞ்சு மணிக்கு அன்னபாக்கியம் மேடம் வந்தாங்க. கூடவே ரெண்டு டீச்சருங்க, ஒரு பெரிய பூங்கொத்து. மேடத்துக்கு எங்க போனாலும் நாலு வார்த்தை பேசணும். கட்டில் பக்கத்துல நின்னு ஆரம்பிச்சாங்க. “சண்முகக்கனி டீச்சர் நம்ம பள்ளியோட தூண். கடமை, கண்ணியம், கட்டுப்பாடு...”

கட்டுப்பாடுன்னு சொல்லி வாயை மூடலைங்க. பிரிஞ்சிருச்சு.

எப்படின்னு விவரிக்க மாட்டேன், நீங்க சாப்பிட்டுக்கிட்டு இருக்கீங்க. ரெண்டரை நாள் சேத்து வச்சது. ரிலே பேட்டனை ஒருத்தர்கிட்ட இருந்து ஒருத்தர் வாங்குற மாதிரி ஒண்ணு முடிய ஒண்ணு. மேடம் கையில பூங்கொத்தோட அப்படியே நிக்கிறாங்க. எனக்குப் பூமி பிளந்தா உள்ள போயிரலாம்னு இருக்கு.

அப்ப வாசல்ல இருந்து பேச்சி. “டீச்சர், பிரிஞ்சுதா?”

“பிரிஞ்சிருச்சு, பிரிஞ்சிருச்சு”ன்னு பதினாலு கட்டிலும் சேர்ந்து சொல்லுது. சேத்தூர் அக்கா கையெடுத்துக் கும்பிடுறாங்க. பேச்சி ஓடி வந்து என் வயித்துல கைய வச்சுப் பாத்தா, காதை வச்சுக் கேட்டா, சிரிச்சா. எங்க வீட்டுக்காரர் பேப்பரால முகத்தை மூடிக்கிட்டார். வெக்கம்னு நினைச்சேன். பேப்பரை எடுத்தா அது நனைஞ்சிருக்கு. மனுஷன் அழுதிருக்கார். இதுக்குப் போய் யாராவது அழுவாங்களா? ஊரு சிரிக்காது?

மேடம் பூங்கொத்தை ஸ்டூல் மேல வச்சுட்டு, “ரெஸ்ட் எடுங்க டீச்சர்”னு சொல்லிட்டு வேகமாப் போயிட்டாங்க. அன்னையில இருந்து ஒரு நல்லது நடந்திருக்கு. ஸ்கூல்ல நான் வயித்தைத் தொட்டாலே போதும், அவங்க வேற பக்கம் திரும்பிக்கிட்டு, “போங்க டீச்சர், போயி ரெஸ்ட் எடுங்க, விவரமெல்லாம் சொல்ல வேண்டாம்”ம்பாங்க.

ஆப்பரேஷன் இல்லைன்னு ஆயிருச்சு. மறுநாள் டியூபை எடுத்தாங்க. கஞ்சித் தண்ணி குடுத்தாங்க. டிஸ்சார்ஜுக்கு முந்தின நாள் மத்தியானம் பேச்சி கையில இருந்த ஊசியை எடுக்க வந்தா. நான் சும்மா இருப்பேனா, சர்ஜன் எழுதிக் குடுத்த பேப்பரை அவகிட்டயும் நீட்டினேன். “பாத்தியா, எனக்கு வந்தது சாதாரண வியாதி இல்ல”ன்னேன்.

படிச்சுட்டு, “எனக்கும் இதேதான் டீச்சர்”னா.

“உனக்கு என்ன ஆப்பரேஷன் ஆச்சு?”

“ஒண்ணும் ஆகல. கர்ப்பப்பைக்கு உள்ள இருக்க வேண்டிய சதை எனக்கு வெளியில படர்ந்திருக்காம். மாசா மாசம் அதுவும் சேர்ந்து உள்ளயே கசியும். அப்படியே குடலெல்லாம் ஒட்டிப் போச்சு. கல்யாணம் ஆகி நாலு வருஷம் கழிச்சுத்தான் கண்டுபிடிச்சாங்க.”

“எப்ப இருந்துடி வலி?”

“எட்டாம் வகுப்புல இருந்து.”

எனக்குக் கோவம் வந்துருச்சு. இத்தனை வருஷமா? “கழுதை, அப்பவே யார்கிட்டயாவது சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?”ன்னேன்.

“சொன்னேன் டீச்சர்.”

“யார்கிட்டச் சொன்னே?”

அவ பஞ்சை வச்சு அழுத்திப் பிளாஸ்டர் ஒட்டினா. “கையை மடக்கி வச்சுக்கோங்க டீச்சர், ரத்தம் வரும்”னு சொல்லிட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிட்டா.

யார்கிட்டச் சொன்னாளோ. வீட்ல சொல்லியிருப்பா. கவனிச்சிருக்க மாட்டாங்க. அந்தக் காலத்துல பொண்ணுங்க வலின்னா யாருங்க காது குடுத்தாங்க.

இப்ப நான் எப்படி இருக்கேன்னா, இருக்கேன். வலி போகல, போகவும் போகாது. அதுக்கு இடம் விட்டு வாழப் பழகிட்டேன். ஒரு தடவைக்கு ஒரு கை அளவு சோறு, குழைச்சது. ஆறு வேளை. நார் இருக்கிறது, கொட்டை இருக்கிறது, தோல் இருக்கிறது எதுவும் கிடையாது. சாப்பிட்டதும் படுக்காம நடக்கணும். பிடிச்சா வெந்நீர்ப் பை. வாந்தியும் வந்து காத்தும் பிரியலைன்னா உடனே ஆஸ்பத்திரி. எங்க வீட்டுக்காரர் திராட்சையை ஒண்ணொண்ணாத் தோலுரிச்சு விதையெடுத்து வைக்கிறார். ரிட்டயர் ஆயிட்டா ஆம்பளைங்களுக்குப் பொழுது போகாதுங்க, வேற என்ன?

ஸ்கூல்லதான் ஒரு சங்கடம். கிரவுண்டு ஓரத்துல ஒரு புங்க மரம், அடியில சிமெண்டு பெஞ்சு. நான் திரும்பி வந்த முதல் வாரம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒண்ணு வந்து வயித்துல கைய வச்சுக்கிட்டு நின்னுச்சு. வழக்கமா சொல்றதைச் சொல்ல வாயைத் திறந்தேன். என்னவோ வரல. அன்னைக்கு வெயிலும் ஜாஸ்தி. “போயி உட்காரு”ன்னுட்டேன். மறுநாள் மூணு பேரு. அடுத்த வாரம் ஒன்பது. இப்ப பதினேழு. பெஞ்சு பத்தல, தரையில உட்காருதுங்க. பதினேழுல பன்னெண்டு நடிப்புன்னு எனக்குத் தெரியும். ஆனா எந்தப் பன்னெண்டுன்னு தெரியல. ஒவ்வொண்ணு முகத்தையும் உத்து உத்துப் பாக்கேன், ஒண்ணும் பிடிபட மாட்டேங்குது. கோ-கோவுல முதல் ரவுண்டுலயே தோத்து வந்தோம்.

மேடம் கூப்பிட்டு விட்டாங்க. “டீச்சர், பாதிப் பிள்ளைங்க மரத்தடியில உட்கார்ந்திருக்கு. அத்தனை பேருக்குமா வயித்துவலி?”

“இருக்கலாம் மேடம்.”

“நடிக்கிறாங்க டீச்சர்.”

“நடிக்கலாம் மேடம்.”

“நீங்க முன்னாடி இப்படி இல்லையே.”

அவங்க நினைக்கிறாங்க நான் மாறிட்டேன்னு. மாறவெல்லாம் இல்லங்க. தெம்பு இல்ல, அவ்வளவுதான். தெம்பு வரட்டும், அத்தனையையும் ஓட விடுறேனா இல்லையான்னு பாருங்க. இப்போதைக்கு அதுங்ககிட்ட ஒரு வெந்நீர்ப் பை மட்டும் குடுத்து வச்சிருக்கேன். சண்டை போட்டுக்கக் கூடாதுன்னு அப்புறம் இன்னும் ரெண்டு வாங்கினேன்.

இன்னைக்கு மதுரைக்கு எதுக்குப் போறேன்னா, பேச்சிக்கு நாளைக்கு ஆப்பரேஷன். ஒட்டினதை விடுவிச்சு, கர்ப்பப்பையையும் எடுக்கிறாங்க. முப்பத்தி நாலு வயசுல. அவ வீட்டுக்காரர் கப்பல் வேலையில இருக்கார், இப்போதைக்குக் கரை கிடையாது. அம்மா இல்லை. முந்தாநேத்து போன் பண்ணி, “டீச்சர், நான் ஒரு மாசம் டூட்டிக்கு வர மாட்டேன், உங்களுக்கு ஏதாவதுன்னா வேற சிஸ்டரைக் கேளுங்க”ன்னா. துணைக்கு யாருடின்னேன். “பக்கத்து வீட்டு அக்கா வர்றதாச் சொன்னாங்க, அவங்களுக்கு முடியல. பரவாயில்ல டீச்சர், நானே நர்ஸ்தானே”ங்கிறா. திமிரு. தனக்குத் தானே ஊசி போட்டுக்குவா போல.

மேடத்துக்கிட்ட லீவு கேக்கப் போனா, நாலு நாள்ல சுதந்திர தினம், மார்ச் பாஸ்ட் பயிற்சிக்கு நீங்க இல்லாம எப்படிங்கிறாங்க. யாருக்கு ஆப்பரேஷன், சொந்தமாங்கிறாங்க. சொந்தம் இல்லையே. அதனால வெளிய வந்து, ஒரு பத்து நிமிஷம் கழிச்சு, வயித்துல கைய வச்சுக்கிட்டு மறுபடி உள்ள போனேன். வாயே திறக்கல. முகத்தைக் கொஞ்சம் இப்படிச் சுளிச்சேன். “ஐயோ டீச்சர், கிளம்புங்க, உடனே கிளம்புங்க”ன்னுட்டாங்க. அஞ்சு நாள்.

ஒரு நிமிஷம், போன். மேடம்தான். நீங்க கொஞ்சம் பேசாம இருங்க.

ஹலோ... ஆமா மேடம். வீட்லதான். படுத்திருக்கேன்... அது டிவி மேடம், அவர் ஏதோ படம் பாக்கார், பஸ்ஸெல்லாம் வருது... டி.கல்லுப்பட்டியா? அதுவும் படத்துலதான் மேடம், கண்டக்டர் வர்ற சீன்... இல்ல மேடம், இன்னும் பிரியல... சரி மேடம். சரி. வைக்கிறேன்.

வச்சுட்டாங்க. பிரியலைன்னதும் பட்டுனு வச்சுட்டாங்க. எவ்வளவு சுலபமா நம்புறாங்க பாருங்க. எனக்கே கொஞ்சம் கூச்சமாத்தான் இருக்கு. இத்தனை வருஷம் பிள்ளைங்க நடிப்பைக் கண்டுபிடிச்சவ, இப்ப நானே பொய் சொல்லி லீவு எடுத்துட்டு உட்கார்ந்திருக்கேன்.

இல்லங்க, ஒண்ணும் இல்ல. சும்மா குனிஞ்சேன். வேர்க்குதா? காலையில எந்திரிச்சதுல இருந்தே பிடிச்சுப் பிழிஞ்சுக்கிட்டுத்தான் இருக்கு. இது எப்பவும் உள்ளதுதான், திருமங்கலம் போறதுக்குள்ள விட்டுரும். இதுக்கெல்லாம் போயி யாராவது லீவு போடுவாங்களா?